பாத்தவன்தான் ஏறவேணும்

எங்களோட வேலை செய்த பழைய ஆக்கள் சேர்ந்து ஒரு மலர் போடப்போகினமாம். அதுக்கு நானும் ஒண்டு எழுதித் தரவேணும் எண்டு ஒரு தம்பி லிங்கநகருக்குத் தேடி வந்தவர். "ஐயா, பகிடியா எழுதுங்கோ, வாசிக்கிற சனம் சிரிக்கவேணும்" எண்டார். தேத்தண்ணி குடுத்து அனுப்பினன். பகிடி எழுத நான் ஆளில்லை. என்ர சீவியத்தில பெரும்பங்கு விமானக் கொட்டகையில போச்சு, அதில பெரும்பங்கு பயத்தில போச்சு. இதை வாசிச்சுச் சிரிக்கிறவை சிரிக்கட்டும்.

போகேக்க அந்தத் தம்பி இன்னொண்டும் சொன்னவர். இப்ப உலோகத்தில வெடிப்புப் பாக்கப் புது மிசின் வந்திருக்காம். பக்கத்தில பிடிச்சால் முள் ஆடிக் காட்டுமாம். "இனிப் பயமில்லை ஐயா" எண்டு அவர் சொன்னது எனக்குப் பிடிக்கேல்லை. உண்மையைச் சொன்னால் கோவம் வந்தது. அந்தக் கோவத்திலதான் எழுதுறன்.

நான் முதல்ல வேலை பழகினது விமானத்தில இல்லை, கப்பலில. துறைமுகத்தில கப்பல் திருத்துற ஒரு வேலைத்தளத்தில சேர்ந்தனான். சுதந்திரம் கிடைச்சும் வெள்ளைக்காரன் எங்கட துறைமுகத்தை விட்டுப் போகாத காலம் அது. அங்க ஒரு பாடம்தான் சொல்லித் தந்தவை: உப்பைக் கண்டால் உரஞ்சு. காலமை உரஞ்சு, பின்னேரம் உரஞ்சு, எமரித்தாள் தேஞ்சு கையில தோல் போகுமட்டும் உரஞ்சு. அங்கதான் றாசிக்கும் என்னோட சேர்ந்தவன். கிண்ணியாப் பொடியன். விடியத் துறையில பாதை எண்டுற மிதவைப் படகில ஏறி, சைக்கிளை அதில நிப்பாட்டிக்கொண்டு வருவான். ஒருநாள் அவன் துடைச்ச ஒரு குழாய் வாயில உப்பு மிஞ்சி இருந்ததெண்டு மேற்பார்வை பாத்த வெள்ளைக்காரன் அதை நக்கிக் காட்டச் சொன்னவன். எங்கள் எல்லாரின்ர முன்னாலயும் றாசிக் நக்கினவன். பேந்து அவன் ஒரு கிழமை என்னோடயே கதைக்கேல்லை. அதுக்குப் பிறகு உப்பெண்டால் அவனுக்கு விசர்.

வெள்ளைக்காரர் மூட்டை கட்டின கையோட வேலைத்தளமும் மெலிஞ்சு போச்சு. சீனக்குடா விமானத்தளத்தின்ர ஒரு மூலையில தனியார் சரக்குக் கம்பனி ஒண்டு கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஆள் பிடிக்குது எண்டு கேள்விப்பட்டு நாங்கள் ரெண்டுபேரும் போனம். கம்பனியின்ர பேர் இப்ப ஒருத்தருக்கும் ஞாபகமில்லை, எனக்கும் அதைச் சொல்ல விருப்பமில்லை. அவையிட்ட இருந்தது நாலு எஞ்சின் வைச்ச ஒரு கிழட்டுச் சரக்கு விமானம். வயித்துக்குள்ள ஒரு லொறியை ஏத்தலாம். மாலைதீவுக்கு மரக்கறியும் கோழியும் போகும், வெளியில இருந்து இயந்திரச் சாமான் வரும். கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலைக்கெண்டு ஒருக்கா ஒரு பல்சில்லு வந்தது, அதை இறக்கி முடிக்க எங்களுக்கு நாரி முறிஞ்சு போச்சு.

அந்தக் கொட்டகைக்குப் பொறுப்பா இருந்தவர் பல்தசார் ஐயா. மட்டக்களப்புப் பறங்கியர். தமிழ் எங்களை விட வடிவாக் கதைப்பார். மெலிஞ்ச மனிசன், காக்கிக் கட்டைக் காற்சட்டை, வாயில எப்பவும் ஒரு கராம்பு. ஒருநாளைத் தவிர அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனா கோவம் வந்தால் இன்னும் மரியாதையாக் கதைப்பார். "சிவம், உங்களுக்குச் சிரமமில்லாட்டி இங்க ஒருக்கா வாங்கோ" எண்டு அவர் சொன்னால் கையில இருக்கிறதை அப்பிடியே போட்டிட்டுப் போவன்.

கட்டளை எண்டு நாங்கள் சொல்லுறது என்னெண்டால், விமானம் செய்த நாட்டில இருந்து கொழும்புக்கு வந்து, கொழும்பில இருந்து எங்களுக்கு வாற கட்டாய உத்தரவு. இன்ன பகுதியை இன்ன மாதிரிப் பார், இன்ன இடத்தில வெடிப்பிருந்தால் மாத்து, பாத்து முடியுமட்டும் பறக்காதே. விருப்பமெண்டால் செய், இல்லாட்டி விடு எண்ட கதை அதில இல்லை. முதலாளி வந்து நிண்டாலும் சரி, மாலைதீவில மரக்கறி இல்லாமல் சனம் தவிச்சாலும் சரி, விமானம் நிலத்திலதான்.

கட்டளை வந்தால் பல்தசார் ஐயா எங்களை வரிசையா நிக்கச் சொல்லுவார். கையில இருக்கிற சாமானைக் கீழ வைக்கவேணும், தொப்பியைக் கழட்டவேணும். செத்த வீட்டில நிக்கிற மாதிரி நிப்பம். அவர் முதல்ல இங்கிலீசில ஒருக்கா வாசிப்பார், பிறகு தமிழில ஒவ்வொரு வரியாச் சொல்லுவார், பிறகு திரும்பவும் தமிழில முதலிலயிருந்து சொல்லுவார். கடைசியா, "எங்கயோ ஒரு விமானம் விழுந்துதான் இது எழுதப்பட்டிருக்கு. அதில இருந்தவைக்கு இது கிடைக்கேல்லை" எண்டு சொல்லிப்போட்டுக் காகிதத்தை மடிப்பார்.

அதோட விட்டாலும் பரவாயில்லை. அவரின்ர கொட்டகையில இன்னொரு வழக்கம் இருந்தது. கட்டளைப்படி எந்த இடத்தை ஆர் பாத்ததோ, அவர்தான் முதல் சோதனைப் பறப்பில விமானியோட ஏறவேணும். எந்தச் சட்டத்திலயும் அப்பிடி இல்லை. அது அவர் வைச்ச சட்டம். "நான் பாத்ததில நான் ஏறுவன். நீங்கள் பாத்ததில நீங்கள் ஏறுங்கோ" எண்டுவார். அவரும் ஏறினவர், அதில பொய்யில்லை.

நான் முதல் ஏறினது சரக்குக் கதவுப் பூட்டுக்கு வந்த ஒரு கட்டளைக்கு. பூட்டின்ர கொளுக்கி ஒவ்வொண்டையும் கழட்டி, அளந்து, திரும்பப் போட்டது நான். போட்டு முடிச்சுத் திரும்பத் திரும்பப் போய்ப் பாத்தன். வீட்டில சோறு இறங்கேல்லை. மேல ஏறினதும் அந்தக் கதவைத் தவிர வேறொண்டையும் நான் பாக்கேல்லை. கோணேசர் மலையும் கடலும் வடிவாத் தெரிஞ்சதெண்டு விமானி பேந்து சொன்னவர், எனக்குத் தெரிஞ்சது கொளுக்கி மட்டும்தான். இறங்கினதும் புல்லில சத்தி எடுத்தன். றாசிக் வாளியில தண்ணி கொண்டந்து தலையில ஊத்திப்போட்டு, "மச்சான், கதவு திறக்கேல்லை, உன்ர வாய்தான் திறந்திருக்கு" எண்டு சொல்லிச் சிரிச்சான். மாசக்கணக்கா அந்தப் பகிடியைச் சொல்லித் திரிஞ்சவன்.

ஆனா அவனும் என்னை விடப் பயந்தவன்தான். ஏறவேண்டிய நாளில அவன் காலமை ஒண்டும் சாப்பிடமாட்டான். மனிசி கட்டிக்குடுக்கிற சாப்பாட்டுப் பெட்டியைக் கொட்டகைச் சுவரில இருக்கிற ஆணியில கொழுவிப்போட்டு ஏறுவான். இறங்கி வந்து, கை கழுவி, முழுவதையும் ஒரே இருப்பில சாப்பிடுவான். "திரும்பி வர எனக்கு ஒரு காரணம் வேணுமெல்லோ" எண்டுவான். மீன் பொரியல் வாசம் கொட்டகை முழுக்க நிக்கும்.

இனி அந்தக் கதைக்கு வாறன்.

அந்த முறை வந்த கட்டளை கால்பிடிக்கு. விமானத்தின்ர பெரிய சில்லுக் கால் ரெண்டும் செட்டையில, அதுதான் இறக்கையில, பொருந்தி இருக்கிற இடம் அது. இறங்கேக்க முழுப் பாரமும் அதிலதான் விழும். அது இரும்பில்லை, அலுமினியக் கலவை, அதால மெதுமையான சாமான். அதில முடி மாதிரி வெடிப்பு வரலாம், கண்ணுக்குத் தெரியாது, மை போட்டுப் பாக்கவேணும் எண்டு எழுதியிருந்தது. முதல்ல மருந்தெண்ணெய் விட்டுக் கழுவி, காயவிட்டு, சிவப்பு மை பூசவேணும். மை ஊறினபிறகு துடைச்சுப்போட்டு, வெள்ளை மா தூவினால், வெடிப்புக்குள்ள போன மை சிவப்புக் கோடா வெளியில வரும். கழுவலாம், ஆனா உரஞ்சக்கூடாது எண்டும் எழுதியிருந்தது. பல்தசார் ஐயா அந்த வரியை மற்ற வரியளைப் போலவே வாசிச்சவர். நாங்கள் தொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு கேட்டம்.

றாசிக்குக்குக் கால்பிடி ரெண்டும், எனக்குக் கட்டளையில வராத எஞ்சின் வேலை. நான் ஏறத் தேவையில்லை எண்டதில எனக்குப் பெரிய நிம்மதி. அதை மறைக்கவும் தெரியாமல் அவனைப் பாத்துச் சிரிச்சன். "சிரி மச்சான், சிரி. உனக்கும் வரும்" எண்டான். அவன் வேலையை முடிச்சு, ஐயா வந்து வெள்ளை மாவைப் பாத்தவர். ரெண்டு பக்கமும் கோடு இல்லை, வெள்ளை வெளேரெண்டு கிடந்தது. நல்லது எண்டு தலையாட்டினவர். மாவைத் துடைச்சு, கிறீஸ் பூசி, மூடினம்.

அடுத்தநாள் காலமை வானம் வெளிச்சிருந்தது. றாசிக் பெட்டியை ஆணியில கொழுவிப்போட்டு, பிஸ்மி சொல்லி ஏறினான். நாலு எஞ்சினும் பிடிச்சது. ஓடி, எழும்பி, கப்பல்துறைப் பக்கமாத் திரும்பினதைப் பாத்துப்போட்டு நான் அவன் வேலை செய்த இடத்தைத் துப்புரவு செய்யப் போனன். எண்ணெய்ப் பேணி, மைப் பேணி, துணி எல்லாம் அவன் வழக்கம்போல ஒழுங்கா அடுக்கி வைச்சிருந்தவன். அந்தத் துணிக்குள்ள ஒரு எமரித்தாள் துண்டு சுருண்டு கிடந்தது. விரிச்சுப் பாத்தன். அதில வெள்ளித்தூள் படிஞ்சிருந்தது. விரலில ஒட்டிச்சு, புதுசு.

எனக்கு உடனே விளங்கேல்லை. பிறகு விமானம் நிண்ட இடத்தைப் பாத்தன். அது எப்பவும் இடப்பக்கத்தைக் குடாவுக்குக் காட்டிக்கொண்டுதான் நிக்கும். வாடைக்காத்து அடிக்கிற மாதங்களில அந்தப் பக்கக் கால் முழுக்க உப்புப் பூத்து வெள்ளையாக் கிடக்கும். எண்ணெயில கழுவினாலும் சிலது போகாது. உப்பைக் கண்டிருக்கிறான். ஐயோ கடவுளே எண்டு வாய்விட்டுச் சொன்னன். தாளோட ஐயாவைத் தேடிப் போனன்.

பல்தசார் ஐயா வாங்கில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவர். எமரித்தாளை நீட்டினன். அவர் கோப்பையைக் கீழ வைச்சு, தாளை வாங்கி, பெருவிரலால தூளைத் தடவி, வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார்.

"எங்க இருந்தது?"

"றாசிக்கின்ர துணிக்குள்ள, ஐயா."

அவரின்ர வாயில இருந்த கராம்பைத் துப்பினார். அவர் கராம்பைத் துப்பி நான் அதுக்கு முதல் கண்டதில்லை. "பாணில பட்டர் பூசினால் ஓட்டையெல்லாம் மூடுபடுமெல்லோ, சிவம்" எண்டு மெதுவாச் சொன்னார். "உதுவும் அப்பிடித்தான். மெதுமையான உலோகம். உரஞ்சினால் இழுபட்டு வெடிப்பின்ர வாயை மூடிவிடும். மை உள்ள போகாது. நேற்று நாங்கள் பாத்தும் ஒண்டையும் பாக்கேல்லை."

நான் விமானத்தளத்தின்ர கட்டுப்பாட்டுக் கோபுரப் பக்கம் ஓட வெளிக்கிட்டன். அவர் என்ர கையைப் பிடிச்சார். "ஓடாதேங்கோ. ஓடினால் எல்லாரும் பாப்பினம். நடவுங்கோ." ரெண்டுபேரும் நடந்தம். என்ர சீவியத்தில அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை எண்டு எனக்குப் பட்டது. அவரின்ர விரல் என்ர கைக்குள்ள அழுந்தி நிண்டது, பேந்து பாத்தால் நகம் பதிஞ்ச அடையாளம் இருந்தது.

கோபுரத்தில ரேடியோவுக்கு இருந்தவரிட்டச் சிங்களத்தில விசயத்தைச் சொல்லி ஐயா அனுமதி கேட்டவர். பிறகு கதைக்கிற கருவியை என்னட்ட நீட்டினார். நான் திகைச்சுப்போனன். "ஐயா, நீங்கள் கேளுங்கோ."

"நான் கேட்டால் றாசிக் இல்லை எண்டு சொல்லுவார்" எண்டார். "எனக்குப் பயத்தில. நீங்கள் கேட்டால் உண்மை வரும்."

அதைச் சொல்லேக்க அவரின்ர முகம் ஒருமாதிரி ஆனது. தன்னைப் பற்றி அவர் அப்பத்தான் ஏதோ ஒண்டைக் கண்டுபிடிச்ச மாதிரி இருந்தது. எனக்கு அதை யோசிக்க நேரமில்லை. கருவியை வாயில பிடிச்சன்.

"மச்சான், நான் சிவம்."

"என்னடா, அங்க இருந்தும் விடமாட்டியா?" எஞ்சின் சத்தத்துக்குள்ளால அவன்ர குரல் வந்தது. சந்தோசமா இருந்தான். பறப்பு நல்லாப் போகுது போல.

"இடப்பக்கக் கால்பிடியில உப்பு இருந்ததோ?"

"இருந்தது மச்சான், நாசமாப்போன உப்பு. எண்ணெய்க்குப் போகேல்லை. நான் விடுவனா? நல்லா உரஞ்சிப்போட்டுத்தான் மை பூசினனான். கண்ணாடி மாதிரிக் கிடக்கு. நான் ஏறுற விமானமெல்லோ, சும்மா விடுவனா? நீ பயப்படாதே."

நான் ஏறுற விமானமெல்லோ எண்டு அவன் சொன்னது என்ர தலைக்குள்ள திரும்பத் திரும்பச் சுத்திச்சு. பயத்திலதான் உரஞ்சியிருக்கிறான். செத்துப்போகக்கூடாது எண்ட பயத்தில, தனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில, கை நோகுமட்டும் உரஞ்சியிருக்கிறான்.

"சிவம்? மச்சான்? ஏன் கேட்டனீ?"

நான் பல்தசார் ஐயாவைப் பாத்தன். அவர் கண்ணை மூடித் திறந்து, "சொல்லுங்கோ. மேல இருக்கிறவைக்குத் தெரியவேணும்" எண்டார்.

சொன்னன். எப்பிடிச் சொன்னன் எண்டு இப்ப ஞாபகமில்லை. பட்டர் கதையையும் சொன்னன் எண்டு நினைக்கிறன். பிறகு அவன் கேட்டது ஒரே கேள்வி.

"வலப்பக்கத்தில உப்பு இல்லை மச்சான், அதை நான் உரஞ்சேல்லை. அது நம்பலாமோ?"

"அது நம்பலாம்" எண்டு ஐயா எனக்குப் பின்னால நிண்டு சத்தமாச் சொன்னார். அவர் சத்தமாக் கதைச்சு நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அதுக்குப் பிறகு விமானியும் ஐயாவும் இங்கிலீசில கதைச்சவை. விமானி கண்டிப் பக்கத்து மனிசன், பதறாத ஆள். எரிபொருளைக் குறைச்சுப் பாரத்தை இறக்கினபிறகு, வலப்பக்கச் சில்லை முதல்ல நிலத்தில வைச்சு, ஏலுமான மட்டும் இடப்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சு, கடைசியா இறக்கிறது எண்டு முடிவாச்சு. வேறை வழி இல்லை. மேலயே இருக்க ஏலாது, ஒரு நேரம் இறங்கத்தானே வேணும்.

எரிபொருள் குறையுமட்டும் விமானம் சுத்திக்கொண்டே இருந்தது. தம்பலகாமப் பக்கம் போய் சத்தம் தேயும், பிறகு குடாவுக்கு மேலால திரும்பி வரும். தீயணைக்கிற வண்டி வந்து ஓடுபாதைக் கரையில நிண்டது. வெயில் ஏறிச்சு. நான் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கொட்டகைக்குத் திரும்பிப் போனன். அங்க அவன்ர சாப்பாட்டுப் பெட்டி ஆணியில தொங்கிக்கொண்டிருந்தது. மீன் பொரியல் வாசம் வந்தது. இதை ஆர் கிண்ணியாவுக்குக் கொண்டு போறது, பாதை ஏறிப் போய் அந்த மனிசியிட்ட என்னெண்டு குடுக்கிறது எண்டு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வந்ததுக்கு என்னை நானே கன்னத்தில அடிச்சன். மேல நான் இருந்த நாளில எனக்குச் சத்திதான் வந்தது. கீழ நிக்கிறது அதை விடக் கொடுமை எண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சன். மேல இருக்கிறவனுக்குப் பிடிக்க ஒரு கம்பியாவது இருக்கும்.

அது இறங்க வந்தபோது நான் ஓடுபாதைக் கரையில ஐயாவுக்குப் பக்கத்தில நிண்டன். விமானம் வலப்பக்கம் சரிஞ்சு, நொண்டி மாதிரி வந்தது. வலச் சில்லு நிலத்தில தொட்டுப் புகை எழும்பிச்சு. இடக்கால் ஆகாசத்தில தொங்கிக்கொண்டு ஓடிச்சு, ஓடிச்சு, ஓடிக்கொண்டே இருந்தது. விமானி அதை எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தாரோ தெரியாது. வேகம் குறையக் குறைய அந்தச் செட்டை மெதுவாத் தணிஞ்சுது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" எண்டு ஐயா முணுமுணுத்தார். இடச் சில்லு தொட்டுது. ஒரு சத்தம் கேட்டுது, பெரிய கதவின்ர பிணைச்சல் முறிஞ்ச மாதிரி. செட்டை ஒருக்காக் குலுங்கித் தாழ்ந்துது. நான் கண்ணை மூடினன்.

திறந்தபோது விமானம் ஓடுபாதை நடுவில நிண்டது. கொஞ்சம் இடப்பக்கம் சரிஞ்சு, ஆனா முழுசா நிண்டது. எஞ்சின் ஒவ்வொண்டா நிண்டு அமைதியாச்சு. ஒருத்தரும் ஓடேல்லை. ஏன் ஓடேல்லை எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை. ஓடினால் அது விழுந்துபோகும் எண்டு பயந்தம் போல.

றாசிக் இறங்கி வந்தான். என்னைப் பாக்கேல்லை, ஐயாவையும் பாக்கேல்லை. நேர இடக்காலுக்குக் கீழ போய்க் குந்தினான். பேந்து ஐயா தன்ர கையாலயே அந்த இடத்தைக் கழுவி, இழுபட்ட தோலை அரிச்செடுக்கிற ஒரு மருந்து பூசி, மை போட்டு, மா தூவினார். நாங்கள் சுத்தி நிண்டு பாத்தம். கொஞ்ச நேரம் வெள்ளைதான். பிறகு ஒரு சிவப்பு நூல் மெதுவா வெளியில வந்து, நீண்டு, கால்பிடியின்ர விளிம்பில போய் நிண்டுது. இன்னும் ஒரு இறக்கம் அது தாங்கியிராது எண்டு ஆரும் சொல்லத் தேவையில்லை.

"நான் பாக்கேக்க இது இருக்கேல்லை ஐயா" எண்டு றாசிக் அழுதான். "அல்லா அறிய இருக்கேல்லை."

"இருந்தது. நீங்கள் அதை மூடிவிட்டிட்டீங்கள்" எண்டார் ஐயா. கோவத்தில கதைக்கிற அந்த மரியாதை அதில இல்லை. அவனுக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தார், காக்கிக் காற்சட்டையில மை பட்டுது. "நீங்கள் பயந்து உரஞ்சினீங்கள். பயப்படுத்தினது நான்" எண்டார்.

அண்டைக்கு றாசிக் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கேல்லை. அப்பிடியே சைக்கிளில கொழுவிக்கொண்டு போனான்.

புதுக் கால்பிடி வந்து பூட்டினம். அதுக்கும் குறிச்ச தவணைக்கு ஒருக்கா மை போட்டுப் பாக்கவேணும் எண்டு கட்டளை இருந்தது. அடுத்த தவணை வந்தபோது ஐயா வழக்கம்போல எங்களை நிறுத்தி வாசிச்சார். உரஞ்சக்கூடாது எண்ட வரிக்கு வந்ததும் நிண்டு, திரும்ப வாசிச்சார். காகிதத்தை மடிச்சுப்போட்டு, "ஆர் பாக்கிறது எண்டு நான் சொல்லுவன். ஏறுறது ஆரெண்டு இனி நான் சொல்லமாட்டன். ஏறத் தேவையில்லை" எண்டார். வேலையை எனக்குத் தந்தார்.

"ஐயா, நான் ஏறுறன்" எண்டன்.

றாசிக் என்னை முறைச்சுப் பாத்தான். "உனக்கென்ன விசரோ?" எண்டு பிறகு பின்னால வந்து கேட்டான். விசரில்லை, கீழ நிண்டு பாக்க இன்னொருக்கா என்னால ஏலாது எண்டு சொன்னன். சரி, அப்ப கீழ நான் நிக்கிறன் எண்டான். வீரம் எண்டு ஆரும் இதை நினைக்கவேண்டாம். ரெண்டு பயத்தில சின்னதை நான் எடுத்தன், பெரியதை அவன் எடுத்தான், அவ்வளவுதான்.

உப்புப் பூத்திருந்தது. எண்ணெய் விட்டுத் துணியால ஒத்தி ஒத்தி எடுத்தன். போகாததைப் போகாமலே விட்டன். கை தானாக் கால்சட்டைப் பைக்குப் போச்சு, எமரித்தாள் வைக்கிற பை அது. வெறும் பைதான், ஆனாலும் கை போச்சு. மை பூசி மா தூவினன், கோடு வரேல்லை. காலமை ஏறினன்.

குடாவைச் சுத்தி இறங்கத் திரும்பேக்க ரேடியோ கரகரத்தது.

"மச்சான், உரஞ்சினியோ?"

பகிடிக்குக் கேக்கேல்லை. கோபுரத்தில அந்தக் கருவியை எப்பிடி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியும், அந்த இடத்தில நான் நிண்டவன்.

"இல்லை மச்சான். உப்பு அப்பிடியே கிடக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டுது.

"அப்ப இறங்கு. மனிசி உனக்கும் சேத்துத்தான் கட்டித் தந்தவ. சோறு ஆறுது."